பன்றிக் குடல் சவ்வு குடலிறக்கத்தைத் தாங்குமா?

கேள்வி: பழைய அறுவைத் தழும்பில் எனக்குக் குடலிறக்கம் ஏற்பட்டது. அதற்கு வைத்த செயற்கை வலையில் சீழ் பிடித்ததால் அகற்றிவிட்டார்கள். இம்முறை பன்றிக் குடலிலிருந்து எடுத்த சவ்வை வைக்கலாம் என்கிறார் மருத்துவர். உடல் ஏற்குமா? எத்தனை காலம் நிற்கும்?

பதில்: அது நிற்பதற்காக வைக்கப்படுவதில்லை. சிறுகுடல் சுவரின் உட்பூச்சையும் தசையையும் நீக்கி, எஞ்சும் மெல்லிய கொலாஜன் (திசுக்களைத் தாங்கும் நார்ப்புரதம்) அடுக்கிலுள்ள செல்களையும் கழுவி அகற்றிக் கிருமிநீக்கம் செய்த பொருள் இது. கட்டடத்துக்குக் கட்டும் சாரத்தைப்போல, உங்கள் செல்கள் ஏறிப் புதுத் திசுவை அமைக்கும்வரை இருந்துவிட்டுச் சில மாதங்களில் கரைந்துபோகும். 1980களின் இறுதியில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் பாடிலாக்கின் குழுவினர் இந்த அடுக்கை நாய்களின் பெருந்தமனியில் பொருத்திப் பார்த்ததில்தான் இம்முறை தொடங்கியது.

உறுப்பு மாற்றத்தில் காணும் நிராகரிப்பு இதில் பொதுவாக ஏற்படுவதில்லை, ஏனெனில் அதைத் தூண்டும் செல்கள் பெரும்பாலும் அகற்றப்பட்டிருக்கும். ஆயினும் அழற்சியும் நீர்க்கோப்பும் வரலாம். தோள்பட்டைத் தசைநாண் கிழிசலுக்கு இதைப் பயன்படுத்தியபோது முடிவுகள் ஏமாற்றமளித்தன.

நீங்கள் கவனிக்க வேண்டியது வலிமையைத்தான். சாரம் கரையும்போது உங்கள் உடல் போதிய திசுவை வளர்த்திருக்காவிட்டால் குடல் மீண்டும் பிதுங்கும். ஆகவே, வயிற்றுச் சுவரின் இரு விளிம்புகளையும் இழுத்துத் தைத்து, சவ்வை அதற்கு வலுவூட்டலாக மட்டும் வைப்பாரா, அல்லது இடைவெளியைச் சவ்வால் மட்டுமே மூடுவாரா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பின்னதில் குடலிறக்கம் திரும்புவது அதிகம். புகைப்பழக்கமும் கட்டுப்படாத சர்க்கரையும் திசு வளர்ச்சியைக் கெடுக்கும்.

சீழ் இப்போது முற்றிலும் வற்றிவிட்டதா என்பதும் முக்கியம். கிருமி கலந்த, ஆனால் சீழ் பிடிக்காத காயங்களில் பன்றித் தோல் வலையையும் செயற்கை வலையையும் ஒப்பிட்டு 2022இல் வெளியான சமவாய்ப்பு ஆய்வில் (யாருக்கு எந்த வலை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்யும் ஆய்வு), இரண்டு ஆண்டுகளில் குடலிறக்கம் திரும்பியது முன்னதில் 20.5 சதவீதம், பின்னதில் 5.6 சதவீதம் மட்டுமே. அது குடல் சவ்வைச் சோதிக்கவில்லை. எனினும், விலங்குத் திசு என்பதாலேயே பாதுகாப்பு கூடுதல் என்ற பழைய நம்பிக்கையை நான் இப்போது ஏற்பதில்லை. காயம் தூய்மையாக இருந்தால், பெரிய துளைகளுடைய செயற்கை வலையை மீண்டும் பரிசீலிக்கலாமா என்றும் கேளுங்கள்.

பன்றி இறைச்சியோ சிவப்பிறைச்சியோ ஒவ்வாமை தந்திருந்தால், அல்லது பன்றிப் பொருளைச் சமய நம்பிக்கை தடுத்தால், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே சொல்லிவிடுங்கள். மாட்டுத் திசுவிலிருந்தும் மனிதத் தோலிலிருந்தும் தயாரான மாற்றுகள் உள்ளன.