ஸ்டீல் ஸ்ட்ரக்சர் எரெக்‌ஷனில் சைட் இன்சார்ஜ் வேலை உண்மையில் எப்படி இருக்கும்?

எரெக்‌ஷன் என்றால் இரும்புத் தூண், சட்டங்களைத் தூக்கி நிறுத்திக் கட்டடமாகப் பூட்டுவது. கேட்டவர் சிவில் கடைசி வருடம் படிக்கிறாராம். "கிரேன் பக்கத்தில் நின்று கை காட்டுவதுதானே வேலை?" என்று கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கை காட்டுவது ரிக்கரின் (சுமையைக் கட்டி, கிரேனுக்குச் சைகை கொடுப்பவர்) வேலை. ஒரு கிரேனுக்கு ஒரு கைதான் பேச வேண்டும். இன்சார்ஜ் என்ற மிதப்பில் நானும் நடுவில் கை நீட்டினால் ஆபரேட்டர் யாரைப் பார்ப்பார்?

நான் டிப்ளமோ முடித்துவிட்டு துவாக்குடி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் ஆரம்பித்தவன். திருச்சி பெல்லை நம்பி வளர்ந்த அந்த ஷெட்களில் தொழில் பழகிய ஆட்களை எந்த பாய்லர் சைட்டுக்குப் போனாலும் பார்க்கலாம். பிறகு அபுதாபியில் ஐந்து வருடம். அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம். இங்கே அப்படி இல்லை, நாமாகப் பார்த்து நிறுத்தினால்தான் உண்டு. இப்போது ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் தொழிற்சாலைக் கட்டடங்கள்.

காலை 5.45-க்கு சைட்டில் இருப்பேன். சுறுசுறுப்பு என்று நினைக்க வேண்டாம், வெயில் ஏறுவதற்குள் தூண் நேர் பார்த்தாக வேண்டும். (சைட்டில் 'காலம்' என்போம். எழுத்தில் குழப்பும் என்பதால் தூண் என்றே எழுதுகிறேன்.) இரும்பு ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு 0.012 மி.மீ. நீளும். கேட்க ஒன்றுமில்லை மாதிரி இருக்கும். 60 மீட்டர் நீள வரிசையில் 20 டிகிரி ஏறினால் 14 மி.மீ. ஆகிவிடும். இன்னொன்று, காலை வெயில் தூணின் கிழக்குப் பக்கத் தகட்டை (ஃபிளேஞ்ச்) மட்டும் சுட்டால் தூண் லேசாக மேற்கே வளைந்து நிற்கும். பத்து மணிக்கு டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியில் பார்த்து, "சாய்ந்திருக்கு" என்று இழுத்து நேராக்கிய புது எஞ்சினியர்கள் உண்டு. மறுநாள் விடியலில் அதே தூண் எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கும்.

எங்கள் தலைவலியில் பாதி, நாங்கள் சைட்டுக்கு வருவதற்கு முன்பே கான்கிரீட்டில் புதைந்திருக்கும். தூணை அடியில் பிடிக்கும் ஃபவுண்டேஷன் போல்ட்டைச் சொல்கிறேன். தூணின் அடித்தகட்டில் இருக்கும் ஓட்டை போல்ட்டைவிடச் சில மில்லிமீட்டர்தான் பெரிது. ஒரு சைட்டில் கிரேனை வரச் சொல்வதற்கு முன் தூண் உட்காரும் எல்லா கான்கிரீட் பீடத்தையும் (பெடஸ்டல்) அளந்தோம். ஒரு வரிசையில் மட்டும் எல்லா போல்ட்டும் 22 மி.மீ. தள்ளி இருந்தன. ஒன்றிரண்டு போல்ட் அங்கும் இங்குமாக விலகியிருந்தால் கான்கிரீட் போடும்போது ஆடியிருக்கும் எனலாம். எல்லாம் ஒரே பக்கம், ஒரே அளவு என்றால் நூல் பிடித்ததிலேயே தப்பு.

சிவில் மேஸ்திரி சர்வ சாதாரணமாக, "சூடு காட்டி வளைச்சு விட்டுடலாம் சார்" என்றார். அது உயர் இழுவிசை போல்ட். சூடு காட்டினால் அதன் பலமே போய்விடும், பார்வைக்கு மட்டும் போல்ட்டாக இருக்கும். முடியாது என்றேன். அடித்தகட்டு ஓட்டையை நீளவாக்கில் வெட்டி, மேலே தடித்த பிளேட் வாஷர் வைத்து வெல்டிங் செய்யலாம் என்று டிசைனருக்கு எழுதினோம். எழுத்தில் சம்மதம் வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் தினசரி ரிப்போர்ட்டில் "ஏற்றியது 0 டன்" என்று என் கையால் எழுதி அனுப்பினேன். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த போன்களைப் பற்றி எழுத வேண்டாம்.

சரி, தூக்கும் கதைக்கு வருவோம். 50 டன் கிரேன் என்றால் எங்கே நின்றாலும் 50 டன் தூக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கிரேனை ஒட்டி, மூன்று மீட்டர் தூரத்துக்குள் உள்ள கணக்கு. பூமை (கிரேனின் நீளக் கை) நீட்டி 20 மீட்டர் தள்ளி வைக்கப் போனால் நாலைந்து டன்னுக்கே யோசிக்கும். எவ்வளவு தூரத்தில் எவ்வளவு எடை என்று சொல்லும் லோடு சார்ட் பார்த்து, ஸ்லிங் (சுமையைக் கொக்கியில் மாட்டும் கயிறு) சரியாகப் போட்டால், தூக்குவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. என் கேள்விக்குறி கொக்கியைக் கழற்றச் சொல்லும் இடத்தில்தான். அதுவரை கிரேன் தாங்குகிறது. கழற்றிய பின் அந்த இரும்புச் சட்டம் தானாக நிற்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் குறைந்தது இரண்டு போல்ட்டாவது போட்டு முறுக்காமல் கொக்கியை விடக் கூடாது என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் (OSHA) விதியே இருக்கிறது. நான் எந்த ஊரில் இருந்தாலும் அதைத்தான் பிடித்துக்கொள்கிறேன். பக்கத்தில் ஃபோர்மேன், "சார், கிரேன் வாடகை ஓடுது சார்" என்று மெதுவாக ஆரம்பிப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் மாதக் கடைசியில் டன் கணக்கு காட்ட வேண்டும்.

நான் ஒருமுறை அதற்கு மசிந்திருக்கிறேன். ஐப்பசி மாதம், மாலை ஆறு மணி. முதல் இரண்டு ஃபிரேம் (தூண்களும் மேலே சாய்வு உத்தரமான ராஃப்டரும் சேர்ந்தது) ஏற்றியாயிற்று, இடையில் நாலு பர்லின் (கூரை ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) மட்டும் போட்டிருந்தோம், பிரேசிங் (சாயாமல் பிடிக்கும் மூலைவிட்டக் கம்பி) போடவில்லை. நாலு பக்கமும் வயர் ரோப் இழுத்துக் கட்டியிருக்கிறதே (guy rope, சைட்டில் கை ரோப் என்போம்) என்று கிரேனை அனுப்பிவிட்டேன். இரவு காற்றும் மழையும். விடிந்து போய்ப் பார்த்தால் இரண்டு ராஃப்டரும் முறுக்கிய துணி மாதிரி பக்கவாட்டில் திருகி நிற்கின்றன. ஒரு பக்கக் கை ரோப்பின் கீழ்நுனியைக் கட்டியிருந்தது தரையில் கிடந்த கம்பிக் கட்டு ஒன்றில். ரோப் அறுபடவில்லை, முடிச்சும் அவிழவில்லை. கட்டு மொத்தமும் சேற்றில் மூன்றடி இழுபட்டு வந்திருந்தது. கீழே ஆள் இல்லாத நேரம், பிழைத்தோம். அன்றிலிருந்து கை ரோப்பின் மேல் நுனியை மற்றவர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டு, கீழ்நுனி எதில் கட்டியிருக்கிறது என்று நானே நடந்துபோய்க் காலால் உதைத்துப் பார்க்கிறேன்.

மேலே ஏறுகிறவர்கள் பெரும்பாலும் மேற்கு வங்கத்து மால்டா, ஜார்க்கண்ட் பையன்கள். என் இந்தி மோசம், அவர்களுடைய சர்தார் (குழுத் தலைவர்) வழியாகத்தான் பேச்சு. இரட்டைக் கொக்கி ஹார்னெஸ் (விழாமல் பிடிக்கும் பாதுகாப்பு வார்) கொடுத்திருப்போம். ஒன்றைக் கழற்றும் முன் மற்றதை மாட்ட வேண்டும். அதைப் பழக்குவதற்குள் தொண்டை வற்றிவிடும். மாலை மூன்று மணிக்கு மேல் கடற்காற்று உள்ளே வந்துவிட்டால் கூரை ஷீட் ஏற்ற விடமாட்டேன். காற்றில் பிடித்த ஷீட் ஆளையும் சேர்த்துத் தூக்கும்.

சம்பளம் மோசமில்லை. ஆனால் மூன்று வருடத்துக்கு ஒரு ஊர். ஷெட் முழுசாக நின்ற பிறகும் வேலை முடியாது. சேக் ராட், ஃபிளை பிரேஸ், கைப்பிடிக் கம்பி என்று சின்னச் சின்ன உறுப்புகளாக வரும் அந்தக் கடைசிப் பத்து டன், முதல் நூறு டன்னைவிட அதிக நாளைத் தின்னும்.

வேலை கேட்டு வருகிற பையன்களிடம் நான் ஒரே கேள்விதான் கேட்பேன்: 10 மி.மீ. தகடு, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், எத்தனை கிலோ? 78.5. போனை எடுத்துத் தேடினால் முதல் மாதம் ஸ்டோரில் உட்கார வைத்துவிடுவேன், ஸ்லிங் பக்கம் விடமாட்டேன்.