மேல்வீட்டு நள்ளிரவுப் பாட்டுக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி: லண்டனில் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) வாடகைக்குத் தரும் ஃபிளாட்டில் இருக்கிறோம். மேல்மாடிக்காரர் வாரத்தில் மூன்று நாலு நாள் நள்ளிரவு தாண்டியும் பாட்டை அலற விடுகிறார். பகலில் அவர் பிள்ளைகள் ஓடும் சத்தம் வேறு. போலீஸ் கவுன்சிலிடம் போகச் சொல்கிறது. இது சமூக விரோத நடத்தை ஆகாதா?

பதில்: பாட்டு ஆகும். பிள்ளைகள் ஓடுவது பெரும்பாலும் ஆகாது.

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 2014ஆம் ஆண்டு சமூக விரோத நடத்தை, குற்றம், காவல் சட்டத்தின் 2ஆம் பிரிவுதான் அளவுகோல். ஒருவருக்குத் துன்புறுத்தலோ பீதியோ மனவேதனையோ உண்டாக்கிய, அல்லது உண்டாக்கக்கூடிய நடத்தை என்பது பொது விதி. குடியிருக்கும் வீட்டைப் பாதிக்கும் விஷயம் என்றால் இவ்வளவு தேவையில்லை. தொல்லையோ எரிச்சலோ தரக்கூடியதாக இருந்தாலே போதும். உங்களுடையது இந்த வகை. 'அவர் மிரட்டவில்லையே' என்று தயங்க வேண்டாம்.

ஒரு சிக்கல்: இந்தச் சட்டப்படி தடையுத்தரவு கேட்டு நீங்களே நீதிமன்றம் போக முடியாது. கவுன்சில், வீட்டுவசதி அமைப்பு, போலீஸ் போன்றவர்கள்தான் போகலாம். அங்கே குற்றவழக்கு அளவுக்கு நிரூபணம் வேண்டியதில்லை; நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நீதிபதிக்குப் பட்டால் போதும். உத்தரவை மீறும் பெரியவர்களுக்கு 2 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

ஆகவே கவுன்சிலையோ போலீஸையோ அசைக்க உங்களிடம் இருக்க வேண்டியது குறிப்பேடு. தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம், எந்த அறையில் கேட்டது, ஜன்னல் மூடியிருந்ததா, யார் தூக்கம் கெட்டது என்று அன்றன்றே எழுதுங்கள். 'எப்போதும் சத்தம்' என்ற புகார் நிற்காது. பிள்ளைகள் ஓடுவதையும் இதில் சேர்த்தால் எதற்கெடுத்தாலும் குறை சொல்பவர் என்ற பெயர்தான் மிஞ்சும். தரைக்குக் கம்பளம் போடச் சொல்லி வீட்டு அதிகாரியிடம் தனியாகக் கேளுங்கள். பதிலுக்குக் கூரையைத் தட்டாதீர்கள், அது அவருடைய குறிப்பேட்டில் ஏறும்.

கவுன்சிலின் சத்தப் பிரிவுக்கும் தனியாக எழுதுங்கள். 1990ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி அவர்கள் விசாரித்தே ஆகவேண்டும். ஒவ்வொரு புகாரையும் சம்பவம் நடந்த ஒரு மாதத்துக்குள் கொடுத்து, எண் வாங்கி வையுங்கள். ஆறு மாதத்தில் மூன்று புகார் கொடுத்தும் அசையவில்லையா? 'கேஸ் ரிவ்யூ', அதாவது உங்கள் புகார்களைக் கையாண்ட விதத்தை மறுஆய்வு செய்யக் கேட்டு கவுன்சிலுக்கு எழுதுங்கள். அதற்கு மூன்று புகாருக்கு மேல் வேண்டும் என்று எந்தக் கவுன்சிலும் சொல்ல முடியாது. சில இடங்களில் அதற்கும் குறைவே போதும்.