ஓசிஐ அட்டை இருந்தால் தென்னந்தோப்பு வாங்கலாமா?

கேள்வி: நான் கனடா குடியுரிமை பெற்றவன். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை இருக்கிறது. பொள்ளாச்சி பக்கம் 4 ஏக்கர் தென்னந்தோப்பு விலைக்கு வந்திருக்கிறது. "தாராளமா வாங்கலாம் சார், பயமா இருந்தா தம்பி பேர்ல முடிச்சு பவர் எழுதிக்கலாம்" என்கிறார் புரோக்கர். ஊரில் இருக்கும் அப்பாவும் தன் 2 ஏக்கரை என் பெயருக்கு எழுதித் தருகிறேன் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: தோப்பை நீங்கள் வாங்க முடியாது. அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் 2019 விதிகளின்படி ஓசிஐ அட்டைதாரர் இங்கே வீடு, மனை, கடை வாங்கலாம். விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்ட நிலம் மூன்றும் கிடையாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் குடியிருப்பவருக்கும் இதே விதிதான்.

"பத்திரம் பதிவாகி, பட்டாவும் மாறிடும்" என்பார் புரோக்கர். மாறலாம். பத்திரம் பதிவானதாலேயே இந்தச் சட்டப்படி அது செல்லுபடியாகிவிடாது. பதிவு அலுவலக வாசலில் இதைச் சொல்லி ஒரு பலகை வைத்தால் எத்தனையோ பேர் தப்பிப்பார்கள். அதற்குக்கூட அரசுக்கு மனம் வரவில்லை. பிறகு அமலாக்கத்துறை நோட்டீஸ் வந்தால், சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம், நிலத்தையும் பறிமுதல் செய்யலாம். கமிஷன் வாங்கியவரை அப்போது போனில்கூடப் பிடிக்க முடியாது.

தம்பி பெயர் யோசனை இதைவிட மோசம். உங்கள் பணத்தில் தம்பி பெயரில் மட்டும் வாங்கி, பலனை நீங்கள் அனுபவித்தால் அது பினாமி. பினாமிச் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பின் 1 முதல் 7 ஆண்டு வரை கடுங்காவல், சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம், நிலமும் போகும். தம்பியும் சேர்ந்தே மாட்டுவார். பவர் பத்திரம் மட்டும் யாரையும் உரிமையாளர் ஆக்காது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. அதன்பிறகும் இதே கதையை வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். "பண்ணை மனை" விளம்பரங்களையும் நம்பாதீர்கள். பதிவேட்டில் நஞ்சை, புஞ்சை என்றிருந்தால் பத்து சென்ட்டாக நறுக்கி விற்றாலும் அது விவசாய நிலம்தான்.

அப்பாவின் நிலத்துக்கு வருவோம். நல்ல எண்ணத்தோடு செய்து பலர் கோட்டை விடுவது இங்கேதான். விவசாய நிலம் உங்களுக்கு வாரிசு வழியில் வரலாம், தானமாக வரக் கூடாது. பத்திர எழுத்தரிடம் போனால் "செட்டில்மெண்ட் போட்டுடுங்க, உயில்னா நாளைக்குச் சண்டை வரும்" என்பார். ஊரிலேயே இருக்கும் பிள்ளைக்கு அது சரியான யோசனை. உங்களுக்கு அதுவே வினை. செட்டில்மெண்ட் என்பது அப்பா இருக்கும்போதே நடக்கும் தானம். அதற்கு அனுமதி இல்லை. உயில் எழுதினால் அவர் காலத்துக்குப் பிறகு நிலம் முறைப்படி உங்களுக்கு வரும். உயிலே இல்லாவிட்டாலும் வாரிசுப் பங்கு உண்டு. உயிலில் இரண்டு சாட்சிகள் கையெழுத்து கட்டாயம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள்.

சொந்த ஊரில் நாலு தென்னை வளர்க்க ஆசைப்படுகிறவரையும் ஊகபேரக்காரரையும் ஒன்றாக நடத்தும் விதி இது. மாற்றத்தான் வேண்டும். ஆனால் இன்று இருப்பது இதுதான்.

அப்படி வரும் நிலத்தைப் பின்னாளில் விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியருக்கே விற்க வேண்டும். பணம் என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்தைப் போட்டுவைக்கும் வங்கிக் கணக்கு) விழும். வரிக் கணக்கை முடித்து, நிதியாண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை கனடாவுக்கு எடுத்துப்போகலாம். அப்போது வங்கி உயில் நகலும் இறப்புச் சான்றும் கேட்கும், பத்திரமாக வைத்திருங்கள்.