காலெட்டு நீளமான கறுவலை எடுங்கோ

மாட்டுவண்டிச் சவாரிக்கு இரண்டு நாம்பனில் (இளங்காளையில்), கறுப்பு நிறக் கறுவலோ சாம்பல் நிற மயிலையோ, எது எண்டு கேட்டிருக்கிறியள். கறுவலை எடுங்கோ. நீங்கள் எழுதினபடி அதின்ரை பின்னங்குளம்பு முன்னங்குளம்புத் தடத்திலேயே விழுது. மயிலை கெதியாய்க் கால் மாத்தினாலும் பின்தடம் ஒரு சாண் பிந்துது; காலெட்டு, அதாவது ஒரு அடி வைப்பின்ரை நீளம், குறைவு.

நடக்கேக்கை மயிலை தலையாட்டுது எண்டியள், அது முன்னங்கால் நோவாய் இருக்கலாம். குளம்பிடுக்கில் கல்லோ முள்ளோ பாருங்கோ.

கிளிநொச்சிப் பக்கம் இறுகின கிரவல் ஒழுங்கை கிடைக்கும்தானே, அதில் மெதுவாய் நடத்திப் பக்கத்தில் நில்லுங்கோ. நொந்த கால் ஊன்றேக்கை தலை மேலே போகும், நல்ல கால் ஊன்றேக்கை கீழே வரும். கயிறு தளர இருக்கவேணும். விற்கிறவர் இறுக்கித் தூக்கிப் பிடிச்சால் இந்த ஆட்டம் தெரியாது, கட்டாயம் தளர்த்தச் சொல்லுங்கோ.

வயல் சேற்றில் பார்த்து முடிவெடுக்காதேங்கோ. அங்கை நல்ல மாடும் எட்டைக் குறுக்கும்.