மோதிர விரல் நீளமா இருந்தா ஹார்மோன் கோளாறா?
மஞ்சக்குப்பம் அக்கா, பொண்ணுக்கு ஆள்காட்டி விரலைவிட மோதிர விரல் நீளம், அதனால ஆண் ஹார்மோன் அதிகம்னு யாரோ சொன்னதுல தூக்கமே போச்சுன்னு எழுதியிருந்தீங்க. பயப்படாதீங்க. 1998-ல ஜான் மானிங் வெளியிட்ட ஆய்வுக்கு அப்புறம்தான் இந்த விரல் கணக்கு பிரபலமாச்சு. கருவுல டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஆண் ஹார்மோன் கூடுதலா பட்டா மோதிர விரல் கொஞ்சம் நீளும்ங்கிறது கருத்து. ஆனா ஆண், பெண் சராசரிக்கு நடுவுல வித்தியாசம் ரொம்பச் சின்னது. நேத்து முத்தியால்பேட்டை வீட்டுல ஸ்கேல் வெச்சு, விரலடி மடிப்புலேர்ந்து நுனிவரை அளந்தேன்: எனக்கு ஆள்காட்டி 6.8, மோதிரம் 7.1 செ.மீ. ரெண்டு பிள்ளை பெத்தவ நான்! இன்னிக்கு உடம்புல ஓடுற ஹார்மோனை விரல் காட்டாது. மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போனா டாக்டர்கிட்ட காட்டி ரத்தம் பாருங்க. வர்றவங்க போறவங்க முன்னாடி அவளைக் கையை விரிக்கச் சொல்லாதீங்க அக்கா, பிள்ளை மனசு நோகும்.