பச்சை முனையைக் கழற்றலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. எங்கள் லயத்து வீட்டுக்குப் போன மாதம்தான் பைபர் இணைப்பு வந்தது. வெள்ளைப் பெட்டியை இஸ்தோப்புச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். உயர்தரம் படிக்கும் தங்கை பின்காம்பராவில் உட்கார்ந்தால் ஸூம் வகுப்பு விட்டுவிட்டு வருகிறது. கொழும்பில் இருக்கும் மாமா நல்ல ரவுட்டர் ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறார். அதில் எஸ்.எப்.பி. என்று ஒரு துளை இருக்கிறது. வெள்ளைப் பெட்டியைக் கழற்றிவிட்டு, பைபரை நேராக அதில் சொருகலாமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: வேண்டாம் தம்பி. பைபர் வயரின் நுனியில், வெள்ளைப் பெட்டியில் சொருகியிருக்கும் அந்தப் பச்சை முனையில் கையே வைக்காதீர்கள்.

பைபரில் வருவது வெளிச்சம். ரவுட்டருக்குத் தெரிந்ததோ மின்சாரம். நடுவில் நின்று ஒன்றை மற்றதாக மாற்றுவதுதான் ஓ.என்.டி. எனப்படும் அந்த வெள்ளைப் பெட்டி. எஸ்.எப்.பி. துளையில் பொருத்தும் சிறு கருவியும் வெளிச்சத்தை மாற்றும். ஆனால் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவை ஜீபொன் முறையை அறியாதவை. நம் வீடுகளுக்குப் பெரும்பாலும் வருவது அந்த முறைதான். ஒரே பைபர் இழை கம்பத்துப் பெட்டியில் பிரிந்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகிறது. கீழே வரும் வெளிச்சம் 1490 நானோமீற்றர், மேலே போவது 1310. மேலே அனுப்பும்போது ஒவ்வொரு வீடும் தன் முறை வரும்வரை காத்திருந்து பேச வேண்டும். முறை தெரியாத கருவி ஒன்று இடையில் ஒளியை வீசினால் பக்கத்து லயத்துப் பிள்ளைகளின் வகுப்பும் சேர்ந்து நின்றுபோகும். ஜீபொன் தெரிந்த எஸ்.எப்.பி. கருவிகளும் உண்டு. ஆனால் அதன் தொடர் இலக்கத்தை இணைப்புத் தந்த நிறுவனம் தன் பக்கத்தில் பதிந்தால்தான் அது வேலை செய்யும்.

ஹப்புத்தளைப் பக்கம் ஒரு வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வீட்டுக்கார அண்ணன் பச்சை முனையைக் கழற்றி, தூசியாக இருக்குமென்று சட்டை நுனியால் துடைத்து, திரும்பச் சொருகிவிட்டார். பெட்டியில் சிவப்பு விளக்கு மினுங்கத் தொடங்கிவிட்டது. முதல் நாள் மைனஸ் 21 டி.பி.எம். (ஒளியின் பலத்தை அளக்கும் அலகு) காட்டிய ஒளி அளவு மைனஸ் 29க்கு இறங்கியிருந்தது. மைனஸ் 27க்குக் கீழே போனால் இணைப்பை நம்ப முடியாது. முனையை நுண்நோக்கியில் வைத்துத் திரையில் பார்த்தோம். சாம்பல் நிற வட்டம். அதன் நடுவில் ஊசிக் குத்துப்போல் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியின் மேலே குறுக்காக ஒரு நூல் துணுக்கு. வெளிச்சம் போகும் அந்தப் புள்ளி வெறும் 9 மைக்ரோமீற்றர் அகலம். நம் தலைமயிர் அதைவிடப் பல மடங்கு தடிப்பு. துப்புரவுப் பேனாவை வைத்து ஒரு தடவை அழுத்தியதும் அளவு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அந்த அண்ணன் முகம் தெளிந்ததை இன்றும் மறக்கவில்லை. பச்சை நிறம் என்றால் முனை 8 பாகை சரிவாகச் சீவப்பட்டது என்று அர்த்தம். நீல முனை தட்டை. இரண்டையும் ஒன்றாகச் சொருகவே கூடாது. முனைக்குள் கண்ணை வைத்தும் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடும்.

மாமாவின் ரவுட்டரை வீணாக்க வேண்டாம். உங்கள் வீட்டில் கோளாறு பைபரில் இல்லை, சுவரில் இருக்கிறது. பழைய லயங்களின் கருங்கல் சுவரைத் தாண்டி வைபை போவது பெரிய பாடு. வெள்ளைப் பெட்டியின் லேன் துளையிலிருந்து கெட் 6 எனப்படும் நெட்வேர்க் வயர் ஒன்றைக் கூரை ஓரமாகப் பின்காம்பரா வரை இழுங்கள். 100 மீற்றர் வரை தாராளமாகப் போகும். உங்களுக்கு 15 மீற்றரே அதிகம். புதிய ரவுட்டரை அங்கே வைத்து, அதன் அமைப்பில், வைபையை மட்டும் பரப்பும் ‘ஆக்சஸ் பொயின்ட்’ முறையைத் தெரிவு செய்யுங்கள். நிறுவனத்திடம் எதுவும் கேட்கத் தேவையில்லை. தங்கை அன்றைக்கே நிம்மதியாகப் படிக்கலாம்.

முழுப் பொறுப்பையும் புதிய ரவுட்டரிடமே கொடுக்க விரும்பினால், வெள்ளைப் பெட்டியை, வெளிச்சத்தை மாற்றிக் கொடுப்பதோடு நிற்கும் ‘பிரிட்ஜ்’ முறைக்கு மாற்றித் தருமாறு நிறுவனத்திடம் கேளுங்கள். பயனர் பெயர், கடவுச்சொல், வீலேன் இலக்கம் (இணையச் சேவை ஓடும் பாதையின் எண்) ஆகியவற்றை முதலில் எழுதி வாங்குங்கள். அதே பெட்டியில் தொலைபேசியும் தொலைக்காட்சியும் ஓடுகின்றன என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மாற்றினால் அவை நின்றுபோகலாம்.

கேள்வி: பைபரில் மின்னல் இறங்காது என்கிறார்களே. இடி மழைக்குப் பிளக்கைக் கழற்ற வேண்டுமா?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: கட்டாயம் கழற்றுங்கள் அக்கா. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது என்பது உண்மை. ஆனால் பெட்டியின் அடப்டர் வீட்டுக் கரண்டில்தானே நிற்கிறது? கம்பத்திலிருந்து வரும் வயரிலும் பலவேளை தாங்குவதற்கு உருக்குக் கம்பி இருக்கும். அது வெளிச்சுவரோடு நின்றுவிட வேண்டும். உங்கள் வீட்டில் அந்தக் கம்பி உள்ளே வந்திருந்தால், அடுத்த முறை வரும் தொழில்நுட்பவியலாளரிடம் காட்டி வெளியே நிறுத்தச் சொல்லுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் வானம் கறுத்தவுடன், முழக்கம் தலைக்கு மேலே வருமுன், அடப்டரைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். பச்சை முனை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.