ஆள் இல்லை, விலை ஏறுது: ஆலை, குடோன் கட்டுபவர்களின் கேள்விகள்

கூலியைக் கூட்டியும் ஆட்கள் தங்குவதில்லையே, சார்?

கூட்டிய கூலியைச் சொன்ன நாளில் கொடுக்கிறீர்களா? அடுத்தது, வாரத்தில் எத்தனை நாள் முழு வேலை கொடுக்கிறீர்கள்? கம்பி வரவில்லை, டிராயிங் மாறிவிட்டது என்று இரண்டு நாள் உட்கார வைத்தால், டன் கணக்கில் கூலி வாங்கும் கம்பி கட்டும் குழுவுக்கு அந்த வாரம் அடி. பக்கத்து சைட்டில் ரேட் குறைவாக இருந்தாலும் போய்விடுவார்கள். அவர்கள் பார்ப்பது வாரக் கடைசியில் கைக்கு வருவதை.

ஹெல்பர்கள் வருகிறார்கள். வெல்டர்தான் கிடைக்கவில்லை.

எல்லா இடத்திலும் அதே கதைதான். பைப்பை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்தி, சுற்றி வந்து வெல்டிங் செய்யும் 6ஜி தேர்வில் தேறியவரை ஒரு மாதத்தில் உருவாக்க முடியாது. நல்ல வெல்டரிடம் நிரந்தரமாக இரண்டு ஹெல்பர்களை விடுங்கள். பலன் அடுத்த வேலையில் தெரியும், இதில் தெரியாது.

கூலி 20 சதவீதம்தான் ஏறியது. டெண்டர் தொகை ஏன் எகிறுகிறது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மொத்தச் செலவில் கூலியின் பங்கு 30 சதவீதம் என்று வையுங்கள். அதில் 20 சதவீதம் ஏறினால் மொத்தத்தில் ஏறுவது 6 சதவீதம்தான். மீதி எங்கிருந்து வருகிறது? ஆள் குறைந்தால் வேலை இழுக்கும். 10 மாத வேலை 13 மாதமானால் கிரேன் வாடகை, சாரம், சைட் அலுவலகச் சம்பளம், வங்கி வட்டி எல்லாமே 3 மாதம் கூடுதலாக ஓடும். அப்புறம், அவசரத்தில் கற்றுக்குட்டியை வைத்துக் கட்டியதை இடித்துத் திரும்பக் கட்டும் செலவு. இதையெல்லாம் கான்ட்ராக்டர் முன்கூட்டியே ரேட்டில் ஏற்றிவிடுகிறார். நானாக இருந்தாலும் ஏற்றுவேன்.

விலை ஏறாத நிலையான ஒப்பந்தம் போட்டால் உரிமையாளருக்கு நல்லதுதானே?

குறுகிய வேலைக்குச் சரி. ஒன்றரை, இரண்டு வருட வேலைக்கு வேண்டாம். 2021-ல் உலகமெங்கும் எஃகு விலை ஏறியபோது, நிலையான விலையில் கையெழுத்துப் போட்டவர்கள் பாடு என்னவாக இருந்திருக்கும்? கான்ட்ராக்டர் நடுவில் கைவிட்டால், மிச்ச வேலையைப் புதிய ஆளிடம் கொடுக்கும் உரிமையாளருக்குத்தான் இரட்டைச் செலவு. ஆலோசனைப் பொறியாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிடிக் வெளியிட்ட மாதிரி ஒப்பந்தம், 1999 சிவப்புப் புத்தகம். அதில் விலை மாற்றத்துக்கு ஏற்பத் தொகையைத் திருத்தும் 13.8-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. 2017 பதிப்பில் அது 13.7. கூலி, பொருள், கருவி என ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு வைத்து, விலைக் குறியீடு மாறும்போது பில் தொகையும் மாறும். ஏறினால் மட்டுமல்ல, இறங்கினாலும்தான். அந்தப் பங்குகளைக் கையெழுத்துக்கு முன்பே பேசி முடியுங்கள்.

தூண், பீம்களை முன்பே வார்த்து எடுத்து வந்து பொருத்தும் பிரீகாஸ்டுக்கு மாறினால் ஆள் பிரச்சினை தீருமா?

இடம் மாறும். கான்கிரீட்டுக்கு அச்சு அடிக்கும் சென்ட்ரிங் ஆட்கள் குறைவார்கள், ஆனால் கிரேன் ஆபரேட்டரும் பாரத்தைக் கிரேனில் கட்டிவிடும் ரிக்கரும் இணைப்பைப் பிசகாமல் முடிப்பவரும் வேண்டும். டிராயிங்கை முதலிலேயே இறுதி செய்ய வேண்டும். ஏசி டக்ட் போகும் ஓட்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஓவர்டைம் போட்டுச் சமாளிக்கலாமா?

கான்கிரீட் போடும் நாள், ஆலையை நிறுத்திச் செய்யும் வேலை என்றால் போடலாம். மாதக்கணக்கில் போட்டால் 12 மணி நேரச் சம்பளத்துக்கு 12 மணி நேர வேலை வராது, விபத்தும் கூடும்.